பியானா ஏரிக்கரையில் பெண் பார்த்தார்கள்

மதி அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். காலில் வெள்ளை விளையாட்டுச் சப்பாத்து. கையில் குடை. வெயில் இன்னும் ஏறவில்லை. ஆனாலும் குடையை விரித்துவிட்டார்.

அவருடைய தம்பி ரமணன் புல்லில் முழந்தாளிட்டு ஒரு பெட்டியைத் திறந்தார். பெட்டி தட்டுத் தட்டாக விரிந்தது. எல்லாம் மீன்பிடிக்கிற பொய் இரைகள். வயிற்றில் வெள்ளி பூசிய பிளாஸ்டிக் மீன்கள், தண்ணீருக்குள் சுழல்கிற தகடுகள், ஊதா நிற ரப்பர் புழுக்கள், கண் வரைந்த தவளை ஒன்று. புது ரப்பரின் மணம் மூக்கில் ஏறியது.

"இவ்வளவையும் பிளேனிலையே கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டேன். அவரோடு நான் நேரில் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஓம். உடுப்பைக் குறைச்சுப்போட்டன்."

மதி அக்கா குடைக்குள் இருந்து சிரித்தார். "பாத்தியளே, கதைக்க விசயம் கிடைச்சிட்டுது."

அவர்கள் ஜேர்மனியில் இருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நான் ஒரு பழைய காற்சட்டையும் கையில்லாத மேல்சட்டையும் போட்டு, கையில் தூண்டிலோடு நின்றேன். அண்ணி பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். நல்ல வேளையாக அவருக்கு அன்றைக்கு வேலை இருந்தது.

இருப்புக் கொள்ளாதவள்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் இத்தாலியில், பலெர்மோவில், ஒரு வயதான சிஞ்ஞோராவோடு, அதாவது ஒரு இத்தாலிய அம்மாவோடு, அவர் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்கிறவள். வீடு வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால், நாலாம் மாடி. கோடை தொடங்கியதும் சிஞ்ஞோராவின் மகன் எங்கள் இருவரையும் காரில் ஏற்றி மலைக்கு மேலே பியானாவில் உள்ள அவர்களுடைய வீட்டில் இறக்கிவிடுவார். வீட்டுக்குக் கீழே ஏரி.

சின்ன வயதிலிருந்தே என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. பஸ்ஸுக்குக் காத்து நிற்பதைவிட அடுத்த தரிப்புக்கு நடந்துவிடுவேன். தொலைபேசியில் பேசினால் வீடு முழுக்கச் சுற்றி வருவேன். சிஞ்ஞோரா ஒரு நாளைக்குப் பலமுறை "ஃபெர்மாத்தி" என்பார். கொஞ்சம் நில்லு பிள்ளை என்று அர்த்தம்.

பியானாவில் முதல் கோடை எனக்குச் சிறை. மதியம் சாப்பிட்டதும் சிஞ்ஞோரா யன்னல் கதவுகளைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவார். கூட்டக்கூடாது, கழுவக்கூடாது, கோப்பை சத்தம் கேட்கக்கூடாது. இருட்டு வீட்டுக்குள் என்னுடைய கால்கள் மட்டும் விழித்திருக்கும்.

ஒருநாள் சிஞ்ஞோராவின் இறந்துபோன கணவருடைய தூண்டிலைச் சாமான் அறையில் கண்டேன். சிஞ்ஞோரா எடுத்துக்கொள் என்றார். மகன் எனக்கு லைசென்ஸ் எடுத்துத் தந்தார். பியானாவில் ஒரு இரும்புக்கடையில் மண்ணோடு சேர்த்துப் புழுக்களைச் சின்ன டப்பாவில் விற்பார்கள். அதை வாங்கிக் குளிர்பெட்டியில் ரிக்கொத்தாப் பாற்கட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த நாள் காலை சிஞ்ஞோரா ரிக்கொத்தா என்று நினைத்து எந்த டப்பாவைத் திறந்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதன்பிறகு புழுக்கள் நிலவறைக்குப் போயின.

ஆனால் புழு எனக்கு ஒத்துவரவில்லை. முள்ளில் புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் வரிசையில் நிற்கிற மாதிரி. அதற்கா நான் மலையேறி வந்தேன்?

பிறகு பலெர்மோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சீனர் கடையில் பிளாஸ்டிக் மீன் ஒன்றை வாங்கினேன். எறி, சுற்று, எறி, சுற்று. இரண்டு எறிகைக்கு ஒருமுறை இடம் மாறு. என் உடம்புக்கு ஏற்ற வேலை அதுதான் என்று தெரிந்துகொண்டேன்.

அந்த ஏரியில் நான் தேடுவது பாஸ் மீனை. இத்தாலியர் பொக்கலோனே, பெரிய வாயன், என்பார்கள். பச்சை முதுகு, பக்கவாட்டில் கறுப்புக் கோடு, என் கைமுட்டி உள்ளே போகிற வாய். நாணலுக்குள்ளோ மூழ்கிய மரத்தின் கீழோ அசையாமல் நிற்கும். முன்னால் ஏதாவது துடித்து ஓடினால் பாய்ந்து கவ்வும். பிடித்ததை நான் திரும்ப விட்டுவிடுவேன். எங்கள் ஆட்கள் பல்லரோச் சந்தையில் கடல்மீன் வாங்கித் தின்று பழகியவர்கள். ஏரி மீனை அண்ணியிடம் ஒருமுறை கொண்டுபோனேன். "சேறு மணக்குது" என்று பையைத் திறக்காமலே சொன்னார்.

நாலைந்து பேர்

அண்ணன் பலெர்மோவிலேயே ஒரேத்தோப் பக்கம் இருக்கிறார். என்னை இத்தாலிக்குக் கூப்பிட்டவர் அவர். எனக்கு முப்பத்தைந்து தாண்டியபோது அவருடைய தலைமுடியும் கொட்டத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக அவர் நம்பினார்.

அதற்கு முன் நாலைந்து சம்பந்தம் வந்து போயிருந்தன. அவற்றில் இரண்டை நான் வேண்டாம் என்றேன். ஒருவர் முதல் அழைப்பிலேயே என் சம்பளத்தைக் கேட்டார். இன்னொருவர் தன் தாயைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசவில்லை.

மற்றவர்கள் என்னை வேண்டாம் என்றவர்கள். வயது கூட என்றார்கள். வீட்டு வேலை செய்கிற பிள்ளை என்றார்கள். அண்ணன் அதை வெளியில் சொல்லவில்லை. தங்கச்சிதான் வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னார். அதுதான் எனக்குக் கௌரவம் என்று நினைத்தார். இப்படியாக ஒரேத்தோவில் நான் மாப்பிள்ளைகளைத் தட்டிக் கழிக்கிற கர்வக்காரி ஆனேன்.

அந்த நேரத்தில்தான் ரமணனின் சம்பந்தம் வந்தது. தாய் இலங்கையில், கொக்குவிலில். அக்கா மதி ஜேர்மனியின் தெற்கே. ரமணன் வடக்கே, டோர்ட்முண்டில், ஒரு லொறிக் கம்பனியில். அண்ணன் பேச்சுவாக்கில் தங்கச்சிக்கு மீன்பிடியில் விருப்பம் என்று உளறிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாராம். ஆனால் மதி அக்கா, "ஐயோ, எங்கடை தம்பிக்கும் அதுதானே பைத்தியம்" என்றாராம். அதன்பிறகு சாதகத்தைக்கூட யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை.

என்னால் சிஞ்ஞோராவை விட்டுவிட்டுப் போக முடியாது. ஆகவே அவர்கள் பியானாவுக்கே வந்தார்கள். அண்ணன் கூட்டி வந்தார்.

எனக்கும் ஆசை இருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். தூண்டிலைச் சுமந்துகொண்டு விமானம் ஏறி வருகிற ஒருவர். அவரோடு ஒரு வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியிருக்காது, எங்காவது தண்ணீர் ஓரமாக நடந்துகொண்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

நடை

அண்ணன் சிஞ்ஞோராவோடு மேலே விறாந்தையில் இருந்தார். நாங்கள் மூவரும் கரையில்.

ரமணன் நன்றாக எறிந்தார். மணிக்கட்டு மட்டும் அசையும், பொய் இரை சத்தமில்லாமல் நாணல் ஓரத்தில் போய் விழும். நானும் எறிந்தேன். எறிந்துகொண்டே நடந்தோம். மதி அக்கா குடையோடு பின்னால் வந்தார்.

அன்றைக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. காற்று இல்லை. பெரிய வாயன்கள் எங்கள் இரைகளுக்குப் பின்னாலேயே கரைவரை வருவது தெரிந்தது. வந்து, பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பிப் போய்விடும்.

"அதுகளும் பொம்பிளை பாக்க வந்ததுகள் போலை கிடக்கு" என்றார் மதி அக்கா.

ரமணன் தவளையைப் போட்டார். தகட்டைப் போட்டார். ஊதாப் புழுவை அடியில் விட்டு மெல்ல மெல்ல இழுத்தார். ஒன்றும் தொடவில்லை. இடையிடையே அவருடைய தொலைபேசி அதிரும். எடுத்துக்கொண்டு யூக்கலிப்ரஸ் மரங்களுக்குள் போய்விடுவார். தாழ்ந்த குரலில் ஜேர்மன் பேசுவது கேட்கும்.

"வேலையிடம். சனிக்கிழமையிலும் விடமாட்டாங்கள்" என்றார் அக்கா.

நடந்துகொண்டே இருந்ததால் நாங்கள் பேசவே இல்லை. இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.  மூன்றாவது முறை அவர் மரங்களுக்குள் போனபோது நான் எறிந்த இரை ஒரு மூழ்கிய கொப்பில் மாட்டி, தங்கூசி நூல் அறுந்து போனது.

"புழுவைப் போட்டுக்கொண்டு ஓரிடத்திலை இருங்கோவன் ரெண்டுபேரும்" என்றார் அக்கா. "எனக்குக் கால் நோகுது. நான் மேலை போய்க் கோப்பி குடிச்சிட்டு வாறன்."

எங்களைத் தனியே விடுவதற்கான சாட்டு என்று மூவருக்கும் தெரிந்தது.

தக்கை

வந்தவர்களுக்குத் தேவைப்படலாம் என்று நிலவறையில் இருந்து எடுத்து வந்த புழு டப்பாவைத் திறந்தேன். புழுவின் நடு உடம்பை ஒருமுறை கோத்து, இரண்டு முனையும் துடிக்க விட்டு, நாணலுக்கும் விழுந்த மரத்துக்கும் நடுவே போட்டேன். சிவப்புத் தக்கை நிமிர்ந்து நின்றது. மரத்தண்டில் ஒரு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தோம்.

என் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. கையால் அமத்திப் பிடித்தேன்.

"உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்" என்றார் ரமணன்.

"கேளுங்கோ."

அவர் தக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்கள் என்னை வேண்டாமெண்டு சொல்லவேணும்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவர் திரும்பவும் சொன்னார்.

"எனக்கு அங்கை ஒராள் இருக்கிறா. யூலியா. எங்களுக்கு ஒரு மகன். ரெண்டு வயசு முடிஞ்சுது. அக்காவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"அம்மாவுக்குப் போன வருசம் இருதய ஒப்பரேசன். நான் கலியாணம் செய்யேல்லை எண்டு ஒவ்வொரு நாளும் அழுறா. நான் வேண்டாமெண்டு சொன்னா ஏனெண்டு கேப்பா. பொம்பிளை வேண்டாமெண்டு சொன்னா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். கொஞ்சக் காலத்துக்கு என்னை விட்டிடுவினம்."

"எத்தினையோ பொம்பிளையள் இருக்கினம். ஏன் என்னட்டை வந்தனீங்கள்?"



"நீங்கள் ஏற்கெனவே நாலைஞ்சு பேரை வேண்டாமெண்டு சொன்னனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். இன்னொண்டு சொல்லுறது உங்களுக்குப் பெரிய விசயமா இராது எண்டு நினைச்சன்."

அவர் கெட்டவர் போலப் பேசவில்லை. வெட்கத்தோடுதான் சொன்னார். தொலைபேசியைத் திறந்து மகனின் படத்தையும் காட்டினார். சுருட்டை முடி. கையில் ஒரு ரப்பர் மீன். கொழுக்கியைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்ததாகச் சொன்னார். நான் பயப்படுவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் படத்தில் இருந்து கண்ணை எடுத்தபோது தக்கை இல்லை.

எழுந்து இழுத்தேன். தூண்டில் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. மீன் ஒருமுறை மேலே பாய்ந்து தலையை உதறியது. மரத்துக்கடியில் போகவிடாமல் பக்கவாட்டில் நடந்து நடந்து கரைக்குக் கொண்டுவந்தேன். அதுவரை நான் பிடித்ததில் அதுதான் பெரியது. ஆனால் எனக்கு எதுவும் தோன்றவில்லை. கைகள் மட்டும் தங்கள் வேலையைச் செய்தன.

பொய் இரை என்றால் முள் உதட்டில் மாட்டும், கழற்றி விட்டுவிடலாம். உயிர்ப் புழுவை மீன் விழுங்கிவிடும். நான் தக்கையைக் கவனிக்காமல் இருந்த நேரத்தில் இது வயிறுவரை விழுங்கியிருந்தது. செவுளில் இரத்தம்.

"இனி விட்டாலும் தப்பாது" என்றார் ரமணன். பெட்டியில் இருந்து சின்ன மரக்கட்டையை எடுத்து மீனின் தலையில் ஒரே அடி அடித்தார். மீன் அடங்கியது. 

"ரெண்டு பேரும் ஒருக்காக் கிட்ட நில்லுங்கோ பாப்பம்."

மதி அக்கா ஒற்றையடிப் பாதையில் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் கிட்ட நின்றோம். நடுவில் மீன். அந்தப் படம் நாங்கள் வீட்டுக்கு ஏறி வருவதற்குள் கொக்குவிலுக்குப் போய்விட்டது. தாயின் குரல் பதிவும் வந்துவிட்டது. அக்கா சத்தமாகப் போட்டுக் காட்டினார். "என்ரை பிள்ளையள் ரெண்டுபேரிலையும் ஒருத்தற்ரை கண்ணும் படக்கூடாது." நடுவில் இருமினார். திரும்பவும் அதையே சொன்னார்.

மீனைப் புளி விட்டுக் குழம்பு வைத்தேன். பலெர்மோவில் இருந்து கொண்டுவந்த கறித்தூள் தாராளமாகப் போட்டேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். சேறு மணக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. மணந்திருக்கும்.

போகும்போது மதி அக்கா என் கன்னத்தைத் தொட்டார். "ஒரு கிழமைக்குள்ளை மறுமொழி சொல்லு அம்மா. அவசரமில்லை." ரமணன் காருக்குள் இருந்து என்னைப் பார்த்தார். முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது சிஞ்ஞோரா தன் கருத்தைச் சொன்னார். அவர் விறாந்தையில் இருந்து கணவரின் வேட்டைத் தூரநோக்கியால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த ஆள் உன்னைவிடத் தண்ணீரைத்தான் கூடப் பார்த்தான், எனக்குப் பிடிக்கவில்லை என்றார். இன்னும் கொஞ்சம் குழம்பு இருக்கிறதா என்றும் கேட்டார்.

ஒரு கிழமை

அந்தக் கிழமை நான் செய்த வேலைகளைச் சிஞ்ஞோராவின் மகன் இன்றும் சொல்லிச் சிரிப்பார். திரைச்சேலைகளை எல்லாம் இறக்கித் துவைத்தேன். நிலவறையில் இருந்த வெற்றுப் போத்தல்களைக் கழுவினேன். கழுவியதைத் திரும்பவும் கழுவினேன்.

மதியங்களில் ஏரிக்குப் போனேன். அன்றைக்கு உட்கார்ந்த மரத்தண்டுப் பக்கம் போகவில்லை. மறுகரையை நோக்கி நடந்துகொண்டே எறிந்தேன்.

முதல் நாள் அவருக்காகப் பரிதாபப்பட்டேன். ஒரு சொல்தானே, சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அந்தச் சொல்லோடு என்னென்ன வரும் என்று யோசித்தேன். அண்ணனின் முகம். அண்ணியின் பெருமூச்சு. ஜேர்மனி மாப்பிள்ளையையும் வேண்டாமெண்டிட்டாளாம் என்று கோயில் பூசைக்கு வருகிறவர்கள் செருப்புக் கழற்றும்போதே பேசுவது. அதற்குப் பிறகு இன்னொருவர் வருவாரா? வரமாட்டார்.

அவர் என்னைத் தேடி வந்ததற்கு ஒரே காரணம், நான் வேண்டாம் என்று சொல்வேன் என்ற பேச்சுத்தான். அந்தப் பேச்சிலும் பாதி பொய்.

கோபம் மெதுவாகத்தான் வந்தது. வந்த பிறகு இறங்கவில்லை. ஒரு மதியம் தூண்டிலைக் கரையில் போட்டுவிட்டு மதி அக்காவைக் கூப்பிட்டேன். நின்று பேச முடியாமல் தண்ணீருக்குள் முழங்கால் அளவுக்கு இறங்கி நடந்தேன்.

"அக்கா, எனக்குச் சம்மதம்."

அந்தப் பக்கம் அக்கா அழத் தொடங்கிவிட்டார்.

சம்மதம்

ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, ரமணன் கூப்பிட்டார்.

"நீங்கள் என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"உங்கடை அக்கா கேட்டவா. மறுமொழி சொன்னனான்."

"நான் உங்களிட்டைச் சொன்னனான் எல்லே?"

"சொன்னனீங்கள். நீங்கள் கேட்டதுக்கு நான் ஓம் எண்டு சொல்லேல்லையே. உங்களுக்கு என்னை வேண்டாமெண்டா நீங்கள்தான் சொல்லவேணும். உங்கடை வாயாலை."

"அம்மாவுக்கு ஏதும் நடந்தா?"

 நான் திருப்பிக் கேட்டேன். "அந்தப் பிள்ளைக்கு அப்பம்மா இருக்கிறா எண்டு அவனுக்கு எப்ப சொல்லப் போறியள்?"

தொடர்பு அறுந்தது.

அவர் அன்றைக்கே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அண்ணன் ஒரேத்தோவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தார். கொக்குவிலில் தாய் கலியாணத்துக்கு நாள் பார்க்கக் கொடுத்தார். மதி அக்கா தாலிக்கொடி எத்தனை பவுணில் என்று அண்ணனோடு பேசினார்.

அதுவரை எனக்குத் தோன்றாத ஒரு பயம் அப்போதுதான் வந்தது. இந்த மனிதர் கடைசிவரை சொல்லாமலே இருந்துவிட்டால்? தாய்க்குப் பயந்து மணவறைவரை வந்து உட்கார்ந்துவிட்டால்? ஏரிக்கரைவரை வந்தவர்தானே.

"ஒரு அளவுச் சட்டை அனுப்பிவிடு பிள்ளை. கூறைச் சேலைக்குச் சட்டை தைக்கவேணும்" என்றார் மதி அக்கா. நல்லதாக ஒரு சட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். வெளியே எடுத்தேன். திரும்ப வைத்தேன். தபாற்கந்தோர்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். உண்மையை நானே சொல்லிவிட்டால் எல்லாம் முடியும். ஆனால் சொன்னால் அதுவும் நான் குழப்பியதாகத்தான் ஆகும்.

அந்த நாட்களில் நிறைய மீன் பிடித்தேன். காற்று மாறியிருந்தது. தண்ணீர் கலங்கி, எதைப் போட்டாலும் பெரிய வாயன்கள் பாய்ந்தன. கழற்றிக் கழற்றி விட்டேன். ஒன்றைக்கூடச் சரியாகப் பார்த்த நினைவில்லை. இரவுக்கு முன் கைகளைக் கழுவும்போது பெருவிரல் முழுக்கச் சொரசொரப்பாக இருக்கும். அந்த மீனின் பற்கள் அப்படி, அரம் மாதிரி.

அண்ணன் வந்தார்

ஒரு வேலைநாளில் அண்ணன் பியானாவுக்கு வந்து வாசலில் நின்றார். வேலையிடத்துச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நான் புரிந்துகொண்டேன்.

"அந்தப் பெடியன் சொல்லிப்போட்டானாம்" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

"அவனுக்கு அங்கை குடும்பம் இருக்காம். பிள்ளை இருக்காம். மதி அக்கா போனிலை குழறுறா." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்பவிருந்து?"

"அண்டைக்கு மீன் பிடிக்கேக்கை சொன்னவர். தன்னை வேண்டாமெண்டு சொல்லச் சொல்லிக் கேட்டவர்."

அண்ணன் விறாந்தைப் படியில் உட்கார்ந்தார். சிஞ்ஞோரா உள்ளே இருந்து யார் என்று கேட்டார். அண்ணன்தான் என்றேன்.

"தெரிஞ்சுகொண்டே ஏன் ஓம் எண்டனீ? இப்ப ஊர் முழுக்கச் சிரிக்கப்போகுது. இனிப்புக் குடுத்துப்போட்டன்."

"இவ்வளவு நாளும் வேண்டாமெண்டது எல்லாம் என்ரை கணக்கிலைதானே அண்ணா போனது. என்னை வேண்டாமெண்டு போனவையின்ரையும் சேர்த்து. இதையும் என்னாலை சுமக்க ஏலாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் உன்ரை நல்லதுக்குத்தான் அப்பிடிச் சொன்னனான்."

"எனக்குத் தெரியும்."

"உன்னை ஆக்கள் வேண்டாமெண்டிட்டினம் எண்டு என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுறது?"

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அண்ணன் அழுது நான் பார்த்தது அப்பா இறந்தபோது ஒருமுறை. நான் படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் அழுதேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை. ரமணன் சொல்லிவிடவேண்டும் என்றுதான் நான் இவ்வளவும் செய்தேன். ஆனாலும் ஏரிக்கரைக்குத் தூண்டிலோடு போன அந்தக் காலையை நினைத்து அழுதேன்.

அண்ணன் போகும்போது, "கேக்கிறவைக்கு உள்ளதைச் சொல்லுறன். அவன் வேண்டாமெண்டவன் எண்டே சொல்லுறன்" என்றார். சொன்னார் என்றுதான் பிறகு அறிந்தேன். ஒரேத்தோவில் சிலர் பரிதாபப்பட்டார்கள், சிலர் நம்பவில்லை. கொஞ்ச நாளில் அவர்களுக்கு வேறு கதை கிடைத்தது.

கொக்குவிலில் இருந்து

தாய்க்கு என்ன ஆயிற்றோ என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. மதி அக்காவைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

கோடை முடிந்து பலெர்மோவுக்குத் திரும்பிய பிறகு ஒரு காலை, நான் சிஞ்ஞோராவுக்கு மீன் வாங்கப் பல்லரோவில் நின்றபோது இலங்கை எண் ஒன்றில் இருந்து அழைப்பு வந்தது. கடைக்காரர்கள் கத்துகிற சத்தத்தில் முதலில் குரல் பிடிபடவில்லை. ஒரு சுவரோரமாக ஒதுங்கினேன்.

"நான் ரமணன்ரை அம்மா கதைக்கிறன்."

எனக்கு நடக்கவேண்டும் போல இருந்தது. கால் எழவில்லை.

"சுகமா இருக்கிறியளோ அம்மா?"

"இருக்கிறன் பிள்ளை. அவன் சொன்ன அண்டைக்கு ஆசுப்பத்திரியிலை ரெண்டு நாள் வைச்சிருந்தவங்கள். பிறகு விட்டிட்டாங்கள்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பேரனைப் போனிலை பாத்தனான். நான் கதைக்கிறது ஒண்டும் அவனுக்கு விளங்கேல்லை. ஆனாச் சிரிக்கிறான்."

"ஓம் அம்மா."

"அவன் எனக்கு எல்லாம் சொன்னவன். உன்னட்டை என்ன கேட்டவன் எண்டும் சொன்னவன். நீ ஏன் ஓம் எண்டனீ எண்டும் சொன்னவன்."  எங்கோ ஒரு சேவல் கூவியது. அது அங்கேயா இங்கேயா என்று எனக்குத் தெரியவில்லை. "உனக்கு எங்களிலை கோவமோ பிள்ளை?"

இல்லை என்று சொல்வதுதான் முறை. வயதானவர், நெஞ்சை வெட்டி வைத்தியம் செய்துகொண்டவர், தானே தேடி எடுத்துப் பேசுகிறார். வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை.

"இருக்குது அம்மா" என்றேன்.

 மூச்சு மட்டும் கேட்டது.

"இருக்கட்டும்" என்றார். "இருக்கத்தானே வேணும்."

அதன்பிறகு அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. தொலைபேசியையும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. சுவரில் சாய்ந்து, அசையாமல், அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.